அம்மி கொத்திய தரை

எங்கள் சம்பந்தி மாமி அதிகம் பேசுகிறவர் அல்ல. அக்காவின் கல்யாணம் முடிந்த மறுநாள், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் குளித்துவிட்டு வந்தவர், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"குளிக்கறச்சே மேலே ஆகாசம் தெரியறது. நன்னா காத்தோட்டமா இருக்கு."

இதை அவர் பாராட்டாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அப்பாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, யார் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு குறையைத் தேடிக் கண்டுபிடித்து, அதை நினைத்து நினைத்து மாய்ந்துபோவதில் கைதேர்ந்தவர். அந்தச் சாமர்த்தியத்தில் பாதி எனக்கு வந்துவிட்டது. அக்காவுக்குத் துளிகூட வரவில்லை. நாங்கள் இரண்டே பெண்கள் என்பதால் பங்கு பிரிப்பதில் இந்த அநியாயம் நடந்திருக்க வேண்டும்.

ஆகாசம் தெரிந்தது உண்மைதான். கிணற்றுக்குப் பக்கத்தில் மூன்று பக்கமும் தென்னங்கீற்றுத் தட்டி, நாலாவது பக்கம் ஒரு பழைய புடவைத் திரை, நடுவில் துவைக்கிற கல். இதுதான் எங்கள் குளியலறை. பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் பறிக்க ஆள் ஏறினால் அன்று எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் குளிக்க முடியாது. மழைக்காலத்தில் கல்லைச் சுற்றிப் பாசி பிடித்துக்கொள்ளும். வழுக்காமலிருக்க அப்பா அதன்மேல் ஒரு கோணியை விரித்து வைப்பார்.

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் மழைக்காலத்தில் அம்மா அங்கே வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தாள். காலில் அடி என்று என்னிடம் சொன்னார்கள். திரும்பி வந்தபோது காலில் ஒரு கட்டும் இல்லாததைப் பார்த்து, ரொம்பக் கெட்டிக்கார டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் சில மாதங்கள் அப்பா ஒரு சின்னத் தகர டப்பாவில் குங்குமப்பூ வாங்கி வைத்து, தினமும் ராத்திரி அம்மாவுக்கு மட்டும் பாலில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்த டப்பா சுவாமி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. எனக்காவது கொடுங்கள் என்று கேட்டேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். விழுந்ததைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும் பிறகு யாரும் பேசவில்லை.

அக்காவைத் திருச்சிராப்பள்ளியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகம், குடியிருக்க ரயில்வே குவார்ட்டர்ஸ். அங்கே குளியலறைக்குக் கூரை உண்டு, கதவு உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, உள்ளேயே குழாய் உண்டு என்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். ஐப்பசியில் தலை தீபாவளி வரும். மற்றப் பண்டிகை என்றால் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடலாம். தீபாவளியோ விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்தான் ஆரம்பமாகிறது. அந்தக் குளியலைப் புடவைத் திரைக்குப் பின்னால் ஆகாசத்தின் கீழே எப்படிச் செய்விப்பது? அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்பா கூடத்துத் தரையில் சாக்கட்டியால் ஒரு பெரிய கட்டம் போட்டார். இது வாசல், இது தண்ணீர் வெளியே போகிற ஜலதாரை, இது எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயும் வைக்கிற மாடம், இது வெந்நீர்த் தவலை. கட்டத்தின் நடுவில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, வெறும் சொம்பால் தலையில் ஜலம் விட்டுக்கொள்வதுபோல் அபிநயம் பிடித்துப் பார்த்தார். முழங்கை சுவரில் இடித்தது. கட்டத்தை ஒரு சாண் அகலப்படுத்தினார். திரும்பக் குளித்தார். வெந்நீர்த் தவலையாக என்னை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார். அம்மாவைக் கதவாக நிற்கச் சொன்னார்.

கதவாக நின்ற அம்மா, "ஏன்னா, தரை மட்டும் சொரசொரன்னு இருக்கட்டும்" என்றாள்.

"கதவு பேசப்படாது" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

புரட்டாசியில் மேஸ்திரி வந்தார். நல்ல வேலைக்காரர், வாயும் தாராளம். தட்டியைப் பிரித்தார்கள், செங்கல் சுவர் எழும்பியது, சீமை ஓடு வேய்ந்தார்கள். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய், என் கோலிகளில் ஒன்றை வாங்கித் தரையில் வைத்து வாட்டம் பார்ப்பார். கோலி ஜலதாரைப் பக்கம் உருண்டால் அன்று ராத்திரி அப்பாவுக்குச் சோறு இறங்கும். வேறு பக்கம் உருண்டால் மோர்சாதத்தோடு எழுந்துவிடுவார். வெறும் மண்தரையாக இருக்கும்போதே வாட்டம் பார்த்து என்ன லாபம் என்று மேஸ்திரி ஒருநாள் கேட்டதை அப்பா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தரையும் பூச்சும் பாக்கியிருக்கையில் மேஸ்திரி காணாமல் போனார். கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. 'நாளைக்கு' என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். அந்த நாளை வரவே இல்லை. தீபாவளியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

என் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. அது எதிர்வீட்டுப் பெண்ணின் முகம். இரண்டு வருஷத்துக்கு முன் தலை தீபாவளிக்குப் புருஷனோடு வந்தவள். ஏதோ மரியாதைக் குறைவு என்று மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தனியாக ரயிலேறிவிட்டான். அவள் அன்றிலிருந்து பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். தினமும் விடியற்காலையில் எழுந்து வாசலில் பெரிது பெரிதாகக் கோலம் போடுவாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் நிமிராமலே பதில் சொல்லுவாள். ஒரு மரியாதைக் குறைவே இவ்வளவு செய்யுமென்றால், கூரையில்லாத ஒரு குளியலறை என்னதான் செய்யாது? எங்கள் வாசலிலும் அக்கா நிமிராமல் கோலம் போடுவதுபோல் எனக்குக் கனவு வர ஆரம்பித்தது.

இந்த நேரம் பார்த்து, திருச்சிராப்பள்ளியில் தன் தம்பி வீட்டுக்குப் போய்வந்த அடுத்த வீட்டு மாமி ஒரு சமாசாரம் கொண்டுவந்தார். அடுக்களை வாசலில் நின்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னதை, உள்ளே பருப்பு ஆய்ந்துகொண்டிருந்த நான் கேட்டுவிட்டேன்.

"உன் பொண்ணைப் பாத்துட்டு வந்தேன். சோறே இறங்கலையாம். காலம்பற எழுந்தா தலை சுத்தறதாம். பாதியா இளைச்சுட்டா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். என்னையும் கூப்பிட்டு, அப்பாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு விஷயம் பட்டவர்த்தனமாகப் புரிந்துபோயிற்று. குளியலறை இன்னும் ஆகவில்லை என்பது அங்கே தெரிந்துவிட்டது. சொல்லிக் காட்டுகிறார்கள். அக்கா சாப்பிடாமல் அழுகிறாள். தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியைத் தேடி அப்பா மாம்பலத்துக்குக் கிளம்பியபோது நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். மாம்பலம் அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது. ஏரியைத் தூர்த்த நிலத்தில் எங்கே பார்த்தாலும் பாதிச் சுவர்களும் சாரங்களும் நின்றன. மழை பெய்தால் ஏரிக்குத் தன் பழைய இடம் ஞாபகம் வந்துவிடும்போல, தெருவெல்லாம் தண்ணீர். மயிலாப்பூர் மேஸ்திரிகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். எங்கள் மேஸ்திரி ஒரு மாடிச் சுவரின் உச்சியில் சௌகரியமாகக் குந்தியிருந்தார். அப்பா கீழே சேற்றில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று அண்ணாந்து மன்றாடினார்.

"இன்னா சாமி, இம்மாந்தூரம் வந்துக்கினு? நாளைக்கி காலீல உன் வூட்டாண்ட நிப்பேன் பாரு."

"இந்த நாளைக்குங்கறதை எத்தனை நாளா சொல்லிண்டிருக்கே? தீபாவளிக்கு மாப்பிள்ளை வரார்ப்பா!"

"எல்லார் வூட்லயும்தான் மாப்பிள்ள வர்றாரு. இந்த வூட்டுக்கும் மாப்பிள்ள கீறாரு. மழ வுடாத நான் இன்னா பண்றது?"

குடையின் ஓரத்திலிருந்து தண்ணீர் அப்பாவின் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். கொஞ்ச நஞ்ச அழுகையில்லை. சாரத்தில் இருந்த சித்தாள் பெண்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படியான அழுகை. மேஸ்திரி இறங்கி வந்து, பாப்பா எதுக்கு அழுவுது என்று கேட்டார். அக்காவைத் திரும்ப அழைத்துக்கொண்டு போகமாட்டார்கள், எதிர்வீட்டு மாதிரி ஆகிவிடும் என்று விக்கி விக்கிச் சொன்னேன். அப்பா என்னைத் திகைத்துப்போய்ப் பார்த்தார். தன் மனசுக்குள் மட்டும் இருப்பதாக அவர் நினைத்திருந்த பயம் என் வாயிலிருந்து வந்ததில் அவர் ஆடிப்போயிருக்க வேண்டும்.

மேஸ்திரிக்கும் பெண்கள் இருந்தார்கள் போலிருக்கிறது. "உன் அக்காள எவனும் ஒரு சொல் சொல்லமாட்டான். தர போட்டுக் குடுக்கறேன் பாரு, கன்னாடி கணக்கா!" என்றார். சொன்னபடியே மறுநாள் வந்து நின்றார்.

அந்தத் தரையை அவர் போட்டதே ஒரு காட்சி. சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து பூசி, மண்டியிட்டபடியே கரணையால் தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார். அதன்மேல் தண்ணீர் கட்டி ஊறவிட்டு, காய்ந்ததும் துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் திரும்பவும் தேய்த்தார். எல்லாம் முடிந்தபோது அறைக்குள் எட்டிப் பார்த்தால் ஜன்னல் கம்பிகள் தரையில் தெரிந்தன. குனிந்தால் நம் முகம் தெரிந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் உள்ளே கால் வைக்காமல் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். மேஸ்திரி காணாமல் போனதற்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். அம்மா ஒருமுறை வந்து பார்த்தாள். உடனே திரும்பிப் போய்விட்டாள். என் அழுகையால் விளைந்த தரை அது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அம்மா ஒரு வார்த்தை நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று வருத்தமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் யாரும் இல்லாத சமயம் பார்த்து, காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரு தள்ளுத் தள்ளினால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நிற்காமல் சறுக்கிக்கொண்டு போக முடிந்தது. அப்படி ஒரு சுகத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. மூன்றாவதோ நாலாவதோ தடவை சறுக்கும்போது வாசலில் அம்மா நின்றாள். முகம் வெளுத்திருந்தது. என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அம்மா என்னை அடித்ததே கிடையாது. அடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அவளே அழுதாள். தரை அழுக்காகிவிட்டதற்கா இத்தனை அழுகை என்று நான் மிரண்டுபோனேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் அப்பா எழும்பூருக்குப் புறப்பட்டார். மாப்பிள்ளை, அக்கா, சம்பந்தி மாமி மூவரும் திருச்சிராப்பள்ளி வண்டியில் வருகிறார்கள். மழை விட்டிருந்தது. அவர் ஏறிய ஜட்கா வண்டி தெருமுனை திரும்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கொல்லைச் சந்தில் ஒரு குரல் கேட்டது.

"அம்மி கொத்தறதேய்! ஆட்டுக்கல் கொத்தறதேய்!"

தீபாவளி சமயத்தில் அம்மி கொத்துகிற பெண்களுக்கு நல்ல கிராக்கி. வடைக்கும் போளிக்கும் அரைத்து அரைத்து எல்லார் வீட்டு அம்மியும் மழுங்கிப்போயிருக்கும்; உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினால்தான் திரும்ப அரைபடும். அம்மா கொல்லைக் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டாள். இடுப்பில் கூடையும் கூடைக்குள் உளியும் சுத்தியலுமாக நடுவயசுப் பெண்ணொருத்தி உள்ளே வந்து, அம்மி எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்மா குளியலறைக் கதவைத் திறந்து தரையைக் காட்டினாள்.

"இத்தையா? இன்னாம்மா சொல்ற நீ? கன்னாடியாட்டம் கீதே! இத்தப் போயி யாராச்சும் கொத்துவாங்களா?"

"கொத்து. ஒரு இடம் பாக்கி விடாதே."

"உன் வூட்டு ஐயரு வந்து என்னியத்தான் கேப்பாரு."

"நான் சொல்லிக்கறேன். ஊர்லேருந்து வரவா நாலு மணிக்கு வந்துடுவா. சீக்கிரம் ஆகட்டும்."

அவள் இன்னும் ஒரு நிமிஷம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். உளி இறங்கிய முதல் சத்தம் என் பல்லில் கேட்டது. சிவப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கை வேகம் பிடித்தது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். வேண்டாம் அம்மா, மேஸ்திரி எவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டார், அப்பா எப்படிச் சந்தோஷப்பட்டார், மாமி பார்த்தால் என்ன சொல்லுவார் என்று கெஞ்சினேன். கடைசியில் சத்தியத்தையும் மறந்து, "ஏற்கெனவே அக்கா அங்கே சாப்பிடாம அழறா. இதைப் பாத்தா அவளை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவா" என்று கத்திவிட்டேன்.

"விட்டா விடட்டும். கால் ஊணி நின்னாப் போறும் அவ" என்றாள் அம்மா.

அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடினேன். வாசலில் நின்றால் ஜட்கா வருகிறதா என்று பயம். கொல்லைக்கு வந்தால் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொரு தடவையும் அதிகமாகியிருக்கும். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, விட்டுப்போன இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி மண்டியிட்டுத் தேய்த்த தரை, கொஞ்ச நேரத்தில் அம்மை வார்த்த முகம்போல ஆகிவிட்டது. எல்லாம் முடிந்தபின் அந்தப் பெண், நல்ல நாளும் அதுவுமாக ஒரு பூப் போட்டுவிடுகிறேன் என்று, மணை போடுகிற இடத்தில் இதழ் இதழாக ஒரு பூவையும் கொத்தினாள். புழக்கடையில் அவளுக்கு அரிசியும் ஒரு புடவையும் கொடுத்து அனுப்பிவிட்டு, அம்மா தூளைக் கூட்டி அள்ளி, குடம் குடமாக ஜலம் விட்டுக் கழுவினாள். வாசலில் ஜட்கா நின்றது.

அக்கா இளைத்துத்தான் இருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே இறங்கினாள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே இறங்கினார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பா. ரயில்புகையெல்லாம் போகக் கைகால் கழுவிக்கொள்ளலாம் என்று சொல்லி, சம்பந்தி மாமியைத் தானே கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனார். குளியலறைக் கதவைத் தானே திறந்தார்.

அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மாதான் முன்னால் வந்து, நான்தான் கொத்தச் சொன்னேன் என்றாள். சம்பந்தி மாமி நிற்கிறார் என்பதை மறந்து அப்பா கேட்டார்.

"வழுக்கும்னா ஒரு கோணியைப் போட்டிருக்கப்படாதா?"

"அன்னிக்கும் கோணிதான் போட்டிருந்தது" என்றாள் அம்மா.

அப்பா கதவிலிருந்து கையை எடுத்து ஒதுங்கி நின்றார்.

சம்பந்தி மாமி செருப்பில்லாத காலை உள்ளே வைத்தார். ஒரு காலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு காலையும் வைத்துத் தேய்த்தார். நான் அந்தக் கால்களையே பார்த்தேன். வெளியே வந்தவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அம்மா ஆமென்று தலையை ஆட்டினாள். இருவரும் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று கதவில் காதை வைத்தேன். உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெளியே வந்த சம்பந்தி மாமி, மூணு மாசம் நிரம்பட்டும் என்றுதான் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை, இனி என்ன என்று அப்பா காதில் விழும்படி பொதுவாகச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குக் காபி கொண்டுபோனார். எதற்கு மூன்று மாசம், என்ன நிரம்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் புரியவில்லை. அபராதத்துக்குத் தவணை கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா தனியாகக் குளியலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாடத்தில் கிடந்த என் கோலியை எடுத்துத் தரையில் வைத்தார். அது நின்ற இடத்திலேயே நின்றது. அதை எடுத்துக்கொண்டு, தரையில் குந்தியபடி உள்ளங்கையால் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அன்று ராத்திரி சாப்பாடானதும் சுவாமி அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்து, துடைத்து, அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி அக்காவின் பாலில் போட்டாள். இந்தத் தடவையும் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் எல்லாருக்கும் எண்ணெய் வைத்தார்கள். மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து, கூரையைப் பற்றியோ தரையைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லாமல் பட்டாசுக் கட்டைத் தேடினார். இத்தனை மாதம் நானும் அப்பாவும் அவருக்காகப் பயந்து செத்தது வீண் என்று எனக்குக் கோபமாக வந்தது. அடுத்து அக்கா. தலையிலிருந்து பாதம் வரை எண்ணெய் வழிய, லாந்தர் வெளிச்சத்தில் அவள் குளியலறைக்குள் போனாள். அம்மா லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கால்களையே பார்த்தாள். ஒரு அடி, இன்னொரு அடி, மணை வரைக்கும். அக்காவின் காலில் மருதாணி நன்றாகப் பற்றியிருந்தது. அதைத்தான் ரசிக்கிறாள் என்று நினைத்து, என் காலிலும் பற்றியிருக்கிறது என்று நீட்டிக் காட்டினேன். அம்மா திரும்பவே இல்லை.

தீபாவளி கழிந்து அக்கா அவர்களோடுதான் ஊருக்குப் போனாள். எனக்கு நம்பவே முடியவில்லை. சில மாதங்களில் பிரசவத்துக்குத் திரும்ப வந்தாள். வைகாசியில் எங்கள் வீட்டிலேயே பையன் பிறந்தான்.

அவனைக் குளிப்பாட்டுவது அம்மா வேலை. வெந்நீர் விடுவது என் வேலை. அம்மா அந்தப் பூவின்மேல் மணையைப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிக் குழந்தையைக் காலின்மேல் கிடத்திக்கொள்வாள். எண்ணெயும் கடலைமாவுமாகத் தரையெல்லாம் வழியும். குதிகாலை அந்தப் புள்ளிகளில் அழுத்திக்கொண்டால் அம்மா அசையமாட்டாள். ஒருநாள் அவன் மூக்கை நீவிவிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இவனோட விளையாட, ஒரு வயசு பெரியவனா ஒரு மாமா இருந்திருப்பான்" என்றாள்.

"எந்த மாமா?" என்று கேட்டேன்.

"ஜலம் போறும், நிறுத்து" என்றாள் அம்மா.

நான் சொம்பைக் கீழே வைத்தேன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. எங்களுக்கும் அண்ணன் தம்பி கிடையாது. மாமாவே இல்லாத எங்கள் வீட்டில் இவனுக்கு மட்டும் ஒரு மாமா எங்கிருந்து வருவான் என்று யோசித்துக்கொண்டே, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.